செடியும் வேணும், இடுப்பும் வேணும்

தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாஸ்தவம்தான். வெயில் படும், கை கால் அசையும், மனசுக்கும் ஆறுதல். ஆனால் ஒரு பாத்தி கொத்தி, நாலு தொட்டியை இடம் மாற்றி வைத்த அன்று ராத்திரி நம் வீடுகளில் தைல வாசனை தூக்குகிறதே, அதை யாரும் சொல்வதில்லை!

ஆண்கள் தோட்ட வேலை செய்கிறார்கள் என்றால் அன்றைக்கு அது ஒன்றுதான் வேலை. நமக்கு அப்படியா? காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டாயிற்று. வீடு பெருக்கித் துடைத்தாயிற்று. குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்கியாயிற்று. துணியை முறுக்கிப் பிழிந்து காயப் போட்டாயிற்று. இத்தனைக்கும் மேலேதான் செடிக்குத் தண்ணீர், களை, கொத்து எல்லாம். இது கோலத்துக்குக் குனிந்தது, இது கத்தரிச் செடிக்குக் குனிந்தது என்று இடுப்பு தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறுகிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு ஏறி நின்றது என் மாமியாருக்கு.

அத்தைக்கு இப்போது 68 வயது. கோபிசெட்டிப்பாளையம் பக்கம் மஞ்சளும் நெல்லும் விளைந்த பூமியில் வாழ்க்கைப்பட்டு, நாற்பது வருஷம் காட்டு வேலை பார்த்தவர். மாமா காலமான பிறகு ஈரோட்டில் எங்களோடு வந்துவிட்டார். வந்த முதல் மாதம் டி.வி. பார்த்தார். இரண்டாவது மாதம் பொடக்காலிக் கதவைத் திறந்தார். (புழக்கடை, கொல்லை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதை நாங்கள் பொடக்காலி என்போம்.) ஒன்றரை சென்ட் இடம். துணி துவைக்கிற கல்லும், தண்ணீர்த் தொட்டியும், கவனிப்பாரில்லாத ஒரு கறிவேப்பிலை மரமும் இருந்தன. ஆறே மாதத்தில் அங்கே அவரைப் பந்தல், கத்தரி, வெண்டை, சுண்டைக்காய், இரண்டு வாழை, கனகாம்பரம், மதில் ஓரம் செம்பருத்தி என்று ஒரு காடே வந்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் போகிற செலவு பாதியானது. அதை விடுங்கள், அத்தையின் முகம் தெளிந்தது.

2023-ஆம் வருஷம் ஆடியில் விதை போட வேண்டுமென்று ஒரே நாளில் பாத்தி முழுக்கத் தனியாகக் கொத்தினார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நானும் என் பெண்ணும் இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்து படுக்க வைத்தோம்.

டாக்டர் பார்த்தார். காலுக்கு வலி இறங்கவில்லை, மரத்துப் போகவில்லை, சிறுநீர் போவதில் சிரமமில்லை, கால் விரலை ஆட்ட முடிகிறது. தசைப் பிடிப்புதான், பயமில்லை என்றார். மாத்திரை கொடுத்தார். "படுத்தே இருக்காதீங்க, வீட்டுக்குள்ளே மெள்ள நடங்க" என்று சொன்னதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முன்பெல்லாம் இடுப்புப் பிடிப்பு என்றால் பலகையில் பத்து நாள் படுக்கை என்பார்கள். இப்போது அந்த வைத்தியம் மாறிவிட்டது. சாதாரணப் பிடிப்புக்கு இரண்டொரு நாளுக்கு மேல் படுத்துக் கிடந்தால் தசை இன்னும் இறுகித்தான் போகும் என்கிறார்கள்.

ஒரு வாரத்தில் அத்தை நடமாடினார். ஆனால் என் வீட்டுக்காரர் சட்டம் போட்டுவிட்டார். "அம்மா, இனிமேல் பொடக்காலிப் பக்கமே போகாதீங்க. மாசம் ரெண்டாயிரம் குடுத்து ஒரு ஆளை வெச்சுக்கலாம்."

ஆளும் வந்தார். முதல் நாளே களை என்று நினைத்து, அத்தை பதியம் போட்டிருந்த புதினாவைப் பிடுங்கி எறிந்தார். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு தோசை சாப்பிடுகிறவர் ஒன்றோடு எழுந்தார். ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் சாதம் போடும்போது, "அம்மிணி, என்ற வேலையை வாங்கி இன்னொருத்தன்கிட்டக் குடுத்துப் போட்டீங்க. நான் இனி உக்காந்து சோறு திங்கறதுக்குத்தான் இருக்கறனா?" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலிக்காக மகன் கவலைப்படுவது நியாயம். ஆனால் இந்த மருந்தில் வேறொரு நோய் வருகிறதே?

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண்ணிடம் போனேன். சின்னப் பெண், என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். இடுப்பைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், "பாட்டி, வீட்டிலே எப்படி வேலை செய்வீங்க? செஞ்சு காட்டுங்க" என்று ஒரு காலி வாளியைக் கொடுத்தாள். அத்தை கூச்சத்தோடு செய்து காட்டினார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "நீங்க தோட்டத்துக்குப் போங்க பாட்டி. ஆனா நான் சொல்ற மாதிரிப் போங்க."

அவள் சொன்னதையும், அதை நாங்கள் எங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரம். நம் முதுகெலும்பின் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரித் தட்டுகள் இருக்கின்றன. பகல் முழுக்க நாம் நிமிர்ந்து நடமாடும்போது அவை அழுந்தி, கொஞ்சம் நீர் வற்றுகின்றன. ராத்திரி படுத்தவுடன் நீரை உறிஞ்சி மறுபடி உப்புகின்றன. காலையில் அளந்தால் நாம் எல்லோருமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்போமாம்! அளந்து பார்த்தோம், என் பெண்ணுக்குச் சரியாகவே இருந்தது. உப்பிய தட்டு விறைப்பாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஆழக் குனிந்தால் அதன் மேல் பளு அதிகம் விழுகிறது. எழுந்த முதல் ஒரு மணி நேரம் இடுப்புக்கு ஆகாத நேரம் என்று இதனால்தான் சொல்கிறார்கள். நாமோ கண் விழித்ததும் குனிந்தே அன்றைய நாளைத் தொடங்குகிறோம்!

அத்தைக்கு ஐந்து மணிக்கு முழிப்பு வந்துவிடும், அதை மாற்ற முடியாது. ஆகவே வேலையின் வரிசையை மாற்றினோம். எழுந்ததும் நின்றுகொண்டே செம்பருத்தியும் கனகாம்பரமும் பறிக்கிறார். பந்தலைச் சுற்றி வந்து எந்தக் காய் முற்றியிருக்கிறது என்று பார்க்கிறார். காபி குடிக்கிறார். ஆறரைக்கு மேல்தான் தண்ணீரும் மண்ணும்.

அடுத்தது தண்ணீர். அத்தை ஒரு நாளைக்குப் பதினான்கு வாளி எடுத்து ஊற்றுவார். பன்னிரண்டு லிட்டர் வாளி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியின் எடையை விட்டுவிட்டாலும் 168 கிலோ! மூன்று சிமெண்ட் மூட்டைக்கு மேலே. இதை ஒரே கையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, முப்பதடி தூரம் தூக்கி நடந்திருக்கிறார். கணக்குப் போட்டுக் காட்டியபோது என் வீட்டுக்காரர் எழுந்து போய் அன்றைக்கே பைப் வாங்கி வந்தார். பதினான்கு வாளியில் இப்போது ஒன்றுகூட இல்லை.

பைப் போட வசதி இல்லாதவர்கள் வாளியைப் பாதியாக நிரப்பி இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாகத் தூக்குகிற ஒரு முழு வாளியைவிட இரண்டு அரை வாளி எவ்வளவோ மேல். மாடியில் செடி வைத்திருப்பவர்கள் தண்ணீரைக் கீழிருந்து தூக்காமல், மேல்தொட்டியில் ஒரு குழாய் பொருத்திக்கொண்டால் வாழ்நாள் முழுக்க உபகாரம்.

ஆனால் பைப்பிலும் ஒரு வம்பு இருக்கிறது. நடைபாதையில் பாம்பு மாதிரிக் கிடக்கும், தடுக்கி விழ வைக்கும். வயதானவர்களுக்கு இடுப்பு வலியைவிட விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய ஆபத்து. எனவே சுவரில் ஓர் ஆணி அடித்து, வேலை முடிந்ததும் சுருட்டி மாட்டிவிட வேண்டும். துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி படிந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுவது என் பொறுப்பு.

தூக்குகிற விதத்தைப் பற்றி அந்தப் பெண் ஒரு சங்கதி சொன்னாள். சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கம்சன் என்பவர் 1960-களில், உயிரோடு நடமாடுகிற மனிதர்களின் முதுகுத் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தாராம். (அதற்குச் சம்மதித்த மகானுபாவர்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.) நேராக நிற்கும்போது இருக்கிற அழுத்தத்தைவிட, முன்னால் குனிந்து கையில் எடையோடு இருக்கும்போது அழுத்தம் மிக மிக அதிகம் என்று தெரிந்தது. காரணம் சுலபம். ஒரு படி அரிசியை மார்போடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள். பிறகு அதையே கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள். எடை அதேதான், தூரம்தான் வித்தியாசம்.

ஆகவே தொட்டியைத் தூக்குவதென்றால் அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். காலைக் கொஞ்சம் அகட்டி, ஒரு காலை முன்னால் வையுங்கள். முழங்காலை மடக்கி இறங்கி, தொட்டியை வயிற்றோடு அணைத்து, தொடையின் பலத்தால் எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமானால் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்கித் திருப்புவதுதான் கெடுதல். குனிந்த நிலையில் பளுவோடு முறுக்குவதைப் போல இடுப்புக்கு விரோதி வேறில்லை.

அதைவிட நல்லது, தூக்காமலே இருப்பது. தண்ணீர் விட்ட தொட்டி விடாததைவிட நிறைய எடை. மாற்றி வைப்பதானால் தண்ணீர் விடும் முன்பே மாற்றுங்கள். பழைய சாக்கின் மேல் ஏற்றி இழுத்துவிடலாம். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் வெறும் செம்மண்ணை நிரப்பாமல், மக்கிய தென்னை நார்க்கழிவைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். செடிக்கும் வேர் ஓடச் சுகம், நமக்கும் இடுப்பு மிச்சம். 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கென்று கொடுக்க ஆரம்பித்த பைகளில் இந்த நார்க்கழிவைத்தான் பயன்படுத்தினார்கள்.

இனி ஆயுதங்கள். அத்தையின் களைக்கொத்துக்குக் கைப்பிடி ஒரு சாண்தான். மண்வெட்டிக்கும் காம்பு குட்டை. நம் ஊர்ப் பெண்கள் காலங்காலமாகக் குனிந்தே வேலை செய்வதற்கு இந்தக் குட்டைக் காம்பு ஒரு பெரிய காரணம். பட்டறையில் கொடுத்து, மண்வெட்டிக்கும் ஒரு கொத்துக்கும் நாலரை அடிக் காம்பு போட்டு வாங்கி வந்தேன். நின்றுகொண்டே கொத்தலாம். அத்தை அதைப் பார்த்துச் சிரித்தார். "இதென்னங்கண்ணு, பந்து வெளையாடற மட்டையாட்ட இருக்குது!" ஒரு வாரம் தொடவே இல்லை. எட்டாம் நாள் வாழைக்கு மண் அணைக்க அதை எடுத்தார். பிறகு கேட்டால், "ஆச்சு, வேலை ஓடுது" என்பதோடு சரி. அத்தையிடம் அதுவே பெரிய சர்டிபிகேட்.

கைப்பிடி மிக மெல்லியதாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், விரலும் மணிக்கட்டும் வலிக்கும். சைக்கிள் கடையில் பழைய டியூபை வாங்கி, பட்டையாக வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றினால் பிடி மெத்தென்று ஆகும், வழுக்காது. அரிவாள், கத்தரிக்கோல் எல்லாம் தீட்டியே இருக்க வேண்டும். மொட்டை அரிவாள் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். அழுத்தி வெட்டும்போதுதான் அது நழுவி விரலில் பாய்கிறது.

சிறு களையைக் கையால்தான் எடுக்க வேண்டும் என்பது அத்தையின் கட்சி, நானும் அதே கட்சிதான். அதற்குக் குத்துக்கால் போட்டு மணிக்கணக்காக உட்காருவதுதான் நம் பழக்கம். முழங்கால் நன்றாக இருக்கிறவர்களுக்குச் சரி. தேய்மானம் உள்ளவர்களுக்கு எழுந்திருக்கும்போது உயிர் போகும். ஓர் அடி உயர முக்காலி ஒன்று செய்துகொடுத்தோம். மண்டி போட்டுச் செய்கிற வேலைக்கு, பழைய தலையணையை உரச் சாக்கில் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். கடினத் தரையில் ஓயாமல் மண்டியிட்டால் முட்டியின் முன்பக்கம் நீர் கோத்துப் பந்து போல வீங்கும். ஆங்கிலத்தில் இதற்கு வீட்டு வேலைக்காரியின் முழங்கால் என்றே பேர் வைத்திருக்கிறார்களாம். தரையை யார் துடைத்தார்கள் என்பது பேரிலேயே தெரிகிறது பாருங்கள்!

இன்னொரு சூட்சுமம். காய்ந்த மண்ணில் களையோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு, மறுநாள் எடுங்கள். இழுத்தால் வேரோடு வரும். கீரை, புதினா, கொத்தமல்லி போல அடிக்கடி கிள்ளுகிறவற்றை ஹாலோ பிளாக் கல் அடுக்கி மேலே பலகை போட்டு இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டோம். அவற்றுக்காகக் குனிகிற வேலையே போயிற்று.

இத்தனையையும் விட முக்கியம், ஒரே வேலையை நீட்டாமல் இருப்பது. "இருபது நிமிஷம், அப்புறம் வேற வேலை" என்றாள் அந்தப் பெண். அத்தை கடிகாரம் பார்ப்பாரா? ரேடியோவை ஜன்னலில் வைத்துவிட்டேன். நாலு பாட்டு முடிந்தால் எழுந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். எழுந்து, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, மெள்ளப் பின்னால் ஐந்து தடவை சாய வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு நின்று செய்கிற வேலை. பிடித்த பாட்டு வந்தால் ஐந்தாவதும் ஓடிவிடுகிறது. போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் கொத்துவது மட்டும் அடியோடு நின்றது. நாளுக்கு ஒரு பாத்தி என்று நான்கு நாள். விதைக்கு ஒன்றும் அவசரமில்லை.

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முதல் குழந்தை. நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் பால் கிண்ணத்தைக் கீழே நழுவ விட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, கட்டை விரல் பக்கம் மணிக்கட்டு உயிர் போகுது. பாப்பாவைத் தூக்கவே பயமா இருக்குக்கா. கீழே போட்டுருவேனோன்னு இருக்கு."

பச்சை உடம்பில் தண்ணீரில் கை வைத்ததால் வந்த வாயு என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். வேப்பெண்ணெய் தடவி நீவியும் விட்டார்களாம், வலி கூடியது. விசாரித்தால், பிரசவத்துக்குப் போய் வந்த இடைவெளியில் வேலியாக வளர்ந்த செம்பருத்தியை இரண்டு நாளாகப் பெரிய கத்தரியால் வெட்டியிருக்கிறாள்.

டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். கட்டை விரலை விரிக்கிற இரண்டு நரம்புக் கயிறுகள் (தசைநாண் என்று புத்தகத்தில் போடுகிறார்கள்) மணிக்கட்டில் ஒரு குறுகிய குகை வழியாகப் போகின்றன. அளவுக்கு மேல் உராய்ந்தால் அந்தக் குகை வீங்கி, கயிறு ஓட இடமில்லாமல் போகிறது. ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் 1895-இல் இதைப் பற்றி எழுதியதால் இந்த வலிக்கே அவர் பேர்தான். கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களுக்கு இது மிகச் சாதாரணம். காரணம், நாம் குழந்தையைத் தூக்குகிற விதம். கட்டை விரலை ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி விரித்து, அக்குளுக்குக் கீழே கொடுத்துத் தூக்குகிறோம் இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை! அதோடு துணி பிழிவதும் கத்தரி பிடிப்பதும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். கட்டை விரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையை மெள்ளச் சுண்டு விரல் பக்கம் சாயுங்கள். சுள்ளென்று கட்டை விரல் பக்க மணிக்கட்டில் குத்தினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அவளுக்குக் கட்டை விரலை அசையாமல் வைக்கிற பட்டி ஒன்று கொடுத்தார்கள். ஐஸ் ஒத்தடம், நீவக் கூடாது. சிலருக்கு ஊசி தேவைப்படுமாம், அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. குழந்தையைத் தூக்கும்போது ஒரு முன்கையைப் பிட்டத்துக்கு அடியிலும், மற்றொரு கையைக் கழுத்துக்கும் முதுகுக்கும் அடியிலும் கொடுத்து, உள்ளங்கை மேலே பார்க்க அள்ளித் தூக்கச் சொன்னார்கள். விரல்கள் சேர்ந்தே இருக்க வேண்டும். செடி வெட்டும் கத்தரி அவள் வீட்டுக்காரர் கைக்குப் போயிற்று. இரண்டு மாதத்தில் வலி அடங்கியது. அவள் பயந்தது வலிக்காக அல்ல, குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்றுதான். பிள்ளை பெற்ற வீடுகளில் இந்தப் பயத்தை "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று தள்ளிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பிரசவமான முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே தோட்டத்தில் இறங்குங்கள். கர்ப்பகாலத்திலிருந்து மூட்டுகளைப் பிணைக்கிற தசைநார்கள் தளர்ந்திருக்கும், வயிற்றுத் தசையும் விரிந்து பலமில்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் இடுப்பு சுலபமாகப் பிசகும். முழுகாமல் இருக்கிறவர்கள் மண்ணில் கை வைக்கும்போது கையுறை போட்டுக்கொள்வது அவசியம். பூனை அசுத்தம் செய்த மண்ணிலிருந்து ஒரு கிருமி தொற்றி, வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் விட்டுவிட முடியாது. வெறுங்காலோடு மண்ணில் நிற்க வேண்டாம். முள் ஒரு பக்கம், பாதம் வழியாக நுழைகிற கொக்கிப் புழு இன்னொரு பக்கம். தக்காளிக்கும் கத்தரிக்கும் நட்ட குச்சிகளின் நுனியில் முட்டை ஓட்டையோ சிறு பிளாஸ்டிக் டப்பாவையோ கவிழ்த்துவிடுங்கள். குனிகிற வேகத்தில் குச்சி கண்ணில் குத்திவிடும். எருக்கு, கள்ளி இவற்றின் பால் கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போங்கள். சருகுக் குவியலிலும் செங்கல் அடுக்கிலும் கையை நேரே விடாதீர்கள். குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷ முறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இடுப்பு வலிக்கு வருவோம். வலி முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் போல இறங்கினாலோ, கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ தைலத்தை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக ஊசி. மண்ணில் கை வைக்கிற யாருக்கும் ரண ஜன்னித் தடுப்பூசி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தேவை. துருப்பிடித்த ஆணிதான் குத்த வேண்டும் என்பதில்லை, ரோஜா முள்ளே போதும். ஆழமாக, அழுக்காகக் காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். முன்பு 'டி.டி.' என்று போட்டது ரண ஜன்னிக்கு மட்டும். இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். அதுவும் 'டி.டி.'தான் என்பதால் தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது!

உங்கள் வீட்டில் யார் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் என் பெண்ணுக்கு மட்டும் சீட்டு இருந்தது. மற்ற மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். அத்தை அந்தத் தேதியை, விதைப் பொட்டலங்கள் வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம், பூசணி போட்ட தேதிக்குக் கீழே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்.